கல்வாசலுக்கு வந்த பிள்ளையார்

ஒரு தேங்காய் லோரியில் ஏறி மலாக்கா நகரத்திற்குப் புறப்பட்டது. அதற்குத் துணையாக மூன்று பேர் சென்றார்கள்.

தேங்காயை மடியில் வைத்திருந்தவள் வேலாயி. அவள் தோளில் சாய்ந்திருந்தவன் அவளுடைய ஆறு வயது மகன் சின்னத்தம்பி. அவர்களுக்கு எதிரே, அடுக்கி வைத்த ரப்பர் தகடுகளின்மேல் அரசி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் பாக்கியலட்சுமி. அவளுக்கு வயது பதினொன்று. வேலாயி அவளுக்கு அத்தை.

அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு பால்மரத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். சின்னத்தம்பி பிறந்த அன்று அவன் தகப்பன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறம் ஒரு தென்னம்பிள்ளையை நட்டான். மகனும் மரமும் சேர்ந்தே வளர்ந்தார்கள்.

சென்ற மழைக்காலத்தில் மகனைக் குளிர்காய்ச்சல் பற்றிக்கொண்டது. பதினாறு நாள் அவன் கண்விழித்து ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் மாலை வேலாயி அந்தத் தென்னையின் அடியில் நின்றாள். மரம் அப்போதுதான் முதன்முதலாகக் காய்த்திருந்தது.

“மலாக்காப் பிள்ளையாரே, என் புள்ள பொழைச்சு எந்திரிக்கட்டும். இந்த மரத்தோட தலைக்காய உனக்கே உடைக்கிறேன்” என்று கைகூப்பினாள்.

மறுநாள் விடியற்காலையில் சின்னத்தம்பி கண்திறந்து, “தண்ணி” என்றான்.

அந்தத் தலைக்காய்தான் இப்போது மஞ்சள் பூசிக்கொண்டு லோரியில் குலுங்கிக் குலுங்கிச் சென்றது. சந்தையிலே மலைபோல் குவிந்திருக்கும் தேங்காய்களுள் ஒன்றுகூட அதற்கு ஈடாகாது. ஒரு மரத்துக்குத் தலைக்காய் ஒன்றுதானே உண்டு?

வேலாயிக்கு நகரம் என்றாலே நடுக்கம். கப்பலிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆயின. அதன்பின் அவள் அலோர் காஜாக் கடைத்தெருவைத் தாண்டியதில்லை. மலாய் மொழியும் அவ்வளவாக வராது. ஆகையால் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் பாக்கியத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

“எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ நீ. வழி கண்டுபிடிச்சிருவல்ல?” என்று பத்தாவது முறையாகக் கேட்டாள்.

“கண்டுபிடிச்சிருவேன் அத்தை. நீங்க தேங்காய மட்டும் பிடிச்சுக்குங்க. வழிய நான் பிடிச்சுக்கிறேன்.”

லோரி நகரத்துக்குள் நுழைந்து மணிக்கூண்டின் அருகில் நின்றது. ஓட்டுநர் அப்புசாமி தலையை வெளியே நீட்டினார்.

“எறங்குங்க. பிள்ளையார் கோயில் கொஞ்ச தூரந்தான். இந்த ஊர்லயே ரொம்பப் பழைய கோயில் அது. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க லா. ரெண்டு மணிக்கு இதே எடத்துல நில்லுங்க.”

பின்னால் நின்ற ரிக்‌ஷாக்காரர்கள் மணியடித்துச் சத்தம் போட்டார்கள். அப்புசாமி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

யாரையாவது கேட்கலாம் என்றுதான் பாக்கியம் நினைத்தாள். ஆனால் கண்கள் கேட்கவிட்டால்தானே? எதிரே செம்பருத்திப் பூவின் நிறத்தில் நெடிய கட்டடங்கள் நின்றன. அவற்றின் பின்னே ஒரு பசுங்குன்று எழுந்திருந்தது. குன்றின் தலையிலே கூரையில்லாத பழஞ்சுவர்கள் தெரிந்தன.

“அத்தை, மலை மேல என்னவோ இருக்குது.”

“மலைக்கோயிலா இருக்கும். எங்க ஊர்ப் பக்கம் அப்பிடித்தான் இருக்கும். கீழ ஒரு பெரிய கல்வாசல், மேல சாமி” என்று வேலாயி மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

குன்றின் அடியை ஒட்டித் தார்ச்சடக்கு வளைந்து சென்றது. மூவரும் அதனோடு வளைந்து சென்றார்கள். ஒரு திருப்பத்தில் மூவருமே நின்றுவிட்டார்கள்.

அங்கே ஒரு கல்வாசல் இருந்தது.

தோட்டத்துக் கோயில் தகரக் கூரையும் நான்கு மரக்கால்களும் உடையது. பாக்கியம் அங்கேயே பிறந்தவள். கல்லால் எழுந்த ஒன்றை அவள் அதுவரை கண்டதில்லை. அந்த வாசலின் கற்கள் மழையில் கறுத்து, வெயிலில் வெளுத்து, மீண்டும் மழையில் கறுத்திருந்தன. இடுக்குகளில் செடிகள் வேரூன்றியிருந்தன. நடுவே வில் வளைந்தாற்போன்ற திறப்பு. அதற்குள் இருள். அந்த இருளின் முடிவில் ஒரு சிறு ஒளி. உச்சியில் ஏதேதோ உருவங்கள் புடைத்து நின்றன. எத்தனையோ தலைமுறைக் காற்று அவற்றின் முகங்களைத் தேய்த்துவிட்டிருந்தது.

“வாசக்காவல் சாமிங்க” என்றாள் வேலாயி, குரலே எழாமல். 

உருவங்களின் அருகே எழுத்துகள் இருந்தன. பாக்கியம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“எழுத்து தமிழ் இல்ல அத்தை. எண்ணு தெரியுது. ஆயிரத்து அறுநூத்து எழுபது.”

“அப்பிடின்னா?”

“அந்த வருசத்துல கட்டியிருக்காங்க. அப்புசாமி அண்ணன் சொன்னாங்கல்ல, ரொம்பப் பழைய கோயில்னு? இதுதான். இதவிடப் பழசு எங்க இருக்கப் போவுது?”

படித்த பெண் சொல்லிவிட்டாள். வேலாயிக்கு அதன்மேல் ஐயம் எழவில்லை. மகனை இறக்கி நிறுத்தினாள். வாசற்படியில் கற்பூரம் ஏற்றினாள். கண்களில் நீர் மல்கத் தலைக்காயைத் தலைக்குமேல் உயர்த்தினாள். உயர்த்திய கையால் ஓங்கிக் கல்லின்மேல் அடித்தாள்.

தேங்காய் சில்லுச் சில்லாகச் சிதறியது. அதன் நீர் கல்லில் வழிந்து, கீழேயிருந்த மண்ணுக்குள் இறங்கியது.

“வாங்க, சாமி கும்பிடலாம்” என்று இருவரையும் இரு கைகளில் பற்றிக்கொண்டு வேலாயி உள்ளே நடந்தாள்.

கல்லின் குளிர்ச்சி மூவரையும் தழுவியது. பத்தடி நடந்தார்கள். இருள் முடிந்தது.

கருவறை இருக்கவேண்டிய இடத்தில் வானம் இருந்தது. புல் இருந்தது. குன்றின்மேல் ஏறும் பாதை இருந்தது. வேறொன்றும் இல்லை.

பாக்கியம் திகைத்துத் திரும்பினாள். வந்த வாசலின் வளைவுக்குள், சட்டம் போட்ட படம் போல, நீலமாக ஏதோ அசைந்தது. அது மேலும் கீழும் மூச்சு விட்டது. அதன் மறுகரை தெரியவில்லை.

“அது என்ன அத்தை?”

“கடலுடி” என்றாள் வேலாயி. ஆனால் அவள் கடலைப் பார்க்கவில்லை. “சாமி எங்க பாக்கியம்?”

வெளியே சிரிப்பொலி கேட்டது. காற்றாடி விட்டுக்கொண்டிருந்த மூன்று சிறுவர்கள் ஓடிவந்து வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களுள் ஒருவன் தமிழ்ப் பையன்.

“கோட்டைக்குப் போயி தேங்கா உடைச்சிருக்காங்கடா! அடுத்து மணிக்கூண்டுக்கு மாலை போடுவாங்க போல” என்றான் அவன். மற்ற இருவருக்கும் மலாயில் அதையே சொன்னான். அவர்களும் சிரித்தார்கள்.

“தம்புசாமி, வாய மூடு” என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியும் அணிந்த ஓர் இளைஞர் வந்துகொண்டிருந்தார். அவருடன் வயதான ஒரு வெள்ளைக்காரத் துரையும், கையில் குறிப்புப் புத்தகத்துடன் அவர் மனைவியும் வந்தார்கள். இளைஞரின் பெயர் பாலகிருஷ்ணன். கப்பலில் வரும் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை.

“அக்கா, இது கோயில் இல்ல” என்றார் மெதுவாக. “கோட்டை வாசல். நானூறு வருசத்துக்கு முன்ன போர்த்துக்கீசியர் கட்டினது. அப்புறம் ஒல்லாந்தர் பிடிச்சாங்க. மேல இருக்கிற உருவமும் எண்ணும் அவங்க செதுக்கினது. கடைசியில ஆங்கிலேயர் வந்து கோட்டையையே இடிச்சிட்டாங்க. மிஞ்சினது இந்த ஒரு வாசல்தான். பிள்ளையார் கோயில் ஆத்துக்கு அந்தாண்ட, தட்டாருங்க தெருவுல இருக்கு.”

வேலாயி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“நேந்துக்கிட்ட காயி” என்றாள். “போச்சே.”

“அதனால என்ன அக்கா? போற வழியில பாசார் இருக்கு. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“அது தலைக்காய் ஐயா. என் புள்ள உசுருக்கு நேந்துக்கிட்டது. வேற வாங்குறதுக்கு அது எங்க இருக்கு?” அவள் மகனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “சொன்ன சொல்லு தப்பிட்டேன். திரும்பவும் காச்ச வந்துச்சுன்னா நான் என்ன செய்வேன்?”

சின்னத்தம்பிக்கு அந்த ஒரு சொல் போதும். “காச்ச வருதாம்மா?” என்று அழத் தொடங்கினான்.

தம்புசாமியின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. அவன் காற்றாடி நூலைச் சுற்றுவது போல் தலையைக் குனிந்துகொண்டான்.

பாக்கியம் தன்னையே கேட்டுக்கொண்டாள். மலைக்கோயில் என்று முதலில் சொன்னது அத்தைதான். ஆனால் ‘இதுதான்’ என்று சொன்னது யார்? எண்ணைப் படித்துவிட்டால் எல்லாம் படித்துவிட்டதாக நினைத்தது யார்?

அவள் வாசற்படிக்கு ஓடினாள். கற்பூரம் அணைந்து கரும்புள்ளியாகியிருந்தது. சில்லுகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. கல்லடியில் மண் ஈரமாக இருந்தது. அவள் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

தோட்டத்தில் புதுக்காட்டில் முதன்முதலாகப் பால் வெட்டும் நாள் அவள் நினைவுக்கு வந்தது. அந்தக் காட்டில் கோயில் ஏது? கங்காணி ரங்கசாமி முதல் மரத்தின் அடியில் குந்துவார். ஒரு பிடி மண்ணை நீர்விட்டுப் பிசைவார். கூம்பாகப் பிடித்து வைத்து, உச்சியில் இரண்டு அறுகம்புல்லைச் செருகுவார். அவ்வளவுதான். அதுவரை மண்ணாக இருந்ததை நூறு பேர் விழுந்து கும்பிடுவார்கள். பிறகு சிதறுகாய் உடையும். பிள்ளைகள் பாய்ந்து பொறுக்குவார்கள்.

பாக்கியம் குந்தி உட்கார்ந்தாள். ஈர மண்ணை அள்ளினாள்.

“என்ன செய்யுற?” என்று தம்புசாமி கேட்டான்.

“பிள்ளையார் செய்யுறேன். சும்மா நிக்காம அறுகம்புல்லு கொண்டா.”

அவன் உடனே ஓடினான். மற்ற இரு சிறுவர்களும் எதற்கென்று தெரியாமலே அவனோடு ஓடிப் புல் பிடுங்கினார்கள்.

பாக்கியம் மண்ணைப் பிசைந்தாள், கூம்பாக்கினாள், கட்டைவிரலால் ஒரு துதிக்கையும் இழுத்துவிட்டாள். கங்காணி துதிக்கை வைப்பதில்லை. ஆனாலும் அது கையோடு வந்துவிட்டது. கல்வாசலின் நடுவே அவரை அமர்த்தி, தம்புசாமி கொடுத்த புல்லை உச்சியில் செருகினாள்.

அந்தப் பெரிய வாசலின் கீழே அவர் மிகச் சிறியவராக இருந்தார். ஆயினும், எத்தனையோ படைகள் புகுந்து புறப்பட்ட அந்த வாசல் இத்தனை நாளும் அவருக்காகத்தான் காத்திருந்தது போல் தோன்றியது.

“அத்தை, வந்து பாருங்க.”

வேலாயி வந்தாள். பார்த்தாள். ஆனால் கைகூப்பவில்லை.

“காய் முன்னாலயே உடைஞ்சு போச்சே பாக்கியம். சாமி இப்பத்தான வாறாரு?”

“லேட்டா வந்துட்டாரா?” என்று சின்னத்தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

“தட்டாருங்க தெருவிலேருந்து வரணும்ல? பாலம் வேற ஏறணும். மூஞ்சூறு எவ்வளவு வேகமாத்தான் ஓடும்?” என்றாள் பாக்கியம். சின்னத்தம்பி அழுகையை மறந்துவிட்டு மூஞ்சூறைத் தேடினான்.

பிறகு அவள் அத்தையின் விரலைப் பிடித்து மண்பிள்ளையாரின்மேல் மெல்ல வைத்தாள்.

“ஈரமா இருக்கா?”

“இருக்கு.”

“நான் வேற தண்ணி விடல. இது தலைக்காயோட தண்ணி. நீங்க உடைச்சப்ப மொத்தமும் இந்த மண்ணுலதான் எறங்கிச்சு. அந்த மண்ணுதான் இப்ப இங்க உக்காந்திருக்காரு. அப்ப அந்தக் காயி யாருக்குப் போயிருக்கு?”

வேலாயியின் விரல் நகரவில்லை. அங்கேயே இருந்தது.

“சில்லப் பாருங்க. ஒண்ணக்கூட யாரும் எடுக்கல. புள்ளைங்க பொறுக்கித் தின்னாத்தான் சிதறுகாய் முடியும்னு நீங்கதான சொல்லுவீங்க? இன்னும் முடியல அத்தை. இனிமேத்தான் முடியப் போவுது.”

வேலாயி நெடுநேரம் அந்தச் சிறு துதிக்கையைப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, எஞ்சியிருந்த ஒரே கற்பூரத்தை எடுத்தாள். அதைப் பாக்கியத்தின் கையில் கொடுக்காமல், சின்னத்தம்பியின் கையில் கொடுத்தாள்.

“நீயே வையி ராசா.”

சுடர் எழுந்தது. வேலாயி கைகூப்பினாள். பாலகிருஷ்ணன் தொப்பியைக் கழற்றினார். அதைக் கண்டு துரையும் கழற்றினார்.

“ம், பொறுக்குங்க” என்றாள் பாக்கியம்.

மூன்று சிறுவர்களும் பாய்ந்தார்கள். சின்னத்தம்பி அவர்களுக்கு முன்னே பாய்ந்து பெரிய சில்லைக் கைப்பற்றினான்.

வெள்ளைக்கார அம்மாள் பாலகிருஷ்ணனிடம் ஏதோ நெடுநேரம் பேசினார். அந்த இளைஞர் புன்னகையோடு பாக்கியத்திடம் திரும்பினார்.

“துரைசானி அம்மா எகிப்துல பிரமிடு பாத்திருக்காங்களாம். ஆக்ராவுல தாஜ்மகால் பாத்திருக்காங்க. சீனாவுல பெருஞ்சுவர் மேல நடந்திருக்காங்க. எல்லா எடத்துலயும் செஞ்சு முடிச்சதத்தான் பாத்தாங்களாம். சாமியச் செய்யும்போதே பாத்தது இங்கதானாம். அவங்களும் ஒரு சில்லு எடுத்துக்கலாமான்னு கேக்குறாங்க.”

பள்ளியின் சுவரில் மாட்டியிருந்த கப்பல் நாட்காட்டியில் பாக்கியம் அந்தப் பிரமிடைப் பார்த்திருக்கிறாள். அதைத் தொட்டுப் பார்த்த கை, இதோ இந்தக் கையா? அவள் ஒரு சில்லைத் துடைத்துக் கொடுத்தாள். அம்மாள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“அண்ணே, இத்தன ஊரு பாத்தவங்க, இந்த வாசலப் பாக்கவா கப்பலேறி வந்தாங்க?”

“ஆமா. வீட்ட விட்டுக் கெளம்பி மூணு மாசம் ஆச்சாம்.”

பாக்கியம் அண்ணாந்து பார்த்தாள். ஏழு கடலுக்கு அப்பாலிருந்து தேடிவந்து பார்க்கும் வாசல், தன் லயத்திலிருந்து ஒரு லோரிப் பயண தூரத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்பும் நின்றது. தேய்ந்த முகங்கள் அவளுக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனை கப்பல்கள், எத்தனை அரசுகள் வந்து போவதை அவை பார்த்திருக்கும்?

மண்பிள்ளையாரை வெயிலில் விட்டுச்செல்வது மரபன்று. பாக்கியம் அவரை ஓர் அகன்ற வாதுமை இலையில் ஏந்திக்கொண்டாள். எல்லோரும் கடற்கரைக்கு நடந்தார்கள். அவள் முழங்கால் அளவு நீரில் இறங்கி, இலையை மெல்லத் தாழ்த்தினாள். முதல் அலை துதிக்கையை வாங்கிக்கொண்டது. இரண்டாம் அலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அறுகம்புல் மட்டும் சிறிது தூரம் மிதந்து சென்றது.

“பிள்ளையாரு எங்க போறாரு?” என்று சின்னத்தம்பி கேட்டான்.

“கடல் போற ஊருக்கெல்லாம் போவாரு.”

“எப்பத் திரும்பி வருவாரு?”

பாக்கியம் யோசித்தாள். அதற்குள் வேலாயியே விடை சொன்னாள்.

“மேகமாகி, மழையாகி, நம்ம தோட்டத்துக்கே வருவாருடா.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அதுவே முதல் முறை.

“சரி, கோயிலுக்குப் போவோமா? கையில ஒண்ணுமில்லயே” என்றாள் பிறகு.

“கும்பிடுறதுக்குக் கை சும்மா இருந்தாத்தான் அத்தை நல்லது.”

“நான் வழி காட்டுறேன்” என்று தம்புசாமி முன்னே வந்தான். பாக்கியத்தைப் பார்க்காமல், “மணிக்கூண்டுக்கு மாலையெல்லாம் போட வேணாம்” என்றும் சொன்னான்.

“போடணும்னா உன்னையே கட்டச் சொல்றேன்” என்றாள் பாக்கியம். மாலையைக் கட்டுவதா தன்னைக் கட்டுவதா என்று புரியாமல் அவன் விழித்தான்.

ஆற்றுப் பாலத்தை அடைந்ததும் வேலாயி வழக்கம்போல் குனிந்து மகனை இடுப்பில் ஏற்றப் போனாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த நாளிலிருந்து அவனை அவள் பத்தடி சேர்ந்தாற்போல் நடக்கவிட்டதில்லை. ஆனால் சின்னத்தம்பி அவள் கையிலிருந்து நழுவினான். தேங்காய்ச் சில்லை வாயில் கவ்விக்கொண்டு, காற்றாடிச் சிறுவர்களைத் துரத்தியபடி பாலத்தின்மேல் ஓடினான்.

“டேய்” என்று எழுந்த குரலை வேலாயி பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். நீட்டிய கையையும் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

“ஓடட்டும்” என்றாள்.